கடலுக்குத் தவணை

செபமாலை மிதித்தால்தான் இராசநாயகம் கதைப்பான்.

மிதிப்பதை நிறுத்தினால் அவனுடைய குரல் ஆழக் கிணற்றுக்குள் இறங்குவதுபோலத் தடித்து, இழுபட்டு, ஒரு சொல்லின் நடுவிலேயே நின்றுவிடும். சண்டையால் குருநகரில் மின்சாரம் போய் வருசக்கணக்காகிவிட்டது. பற்றறி கொண்டுவரத் தடை. அதனால் சைக்கிள் கடை வைத்திருந்த செபமாலை, ஒரு பழைய சைக்கிளின் பின்சில்லு நிலத்தில் முட்டாதபடி தூக்கி நிறுத்தி, அதில் டைனமோவைப் பூட்டி, இரண்டு வயரை ரேப் ரெக்கோடருக்கு இழுத்திருந்தார். அந்த ஒழுங்கையில் பாட்டு, செய்தி, கடல் கடந்து வந்த குரல், எல்லாம் அவருடைய காலில்தான் நடந்தன.

அன்றைக்குக் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் யசிந்தாவும் அவளுடைய தாய் அருமைநாயகியும் அயல் பெண்கள் சிலரும் கூடியிருந்தார்கள். யசிந்தாவின் புருசன் இராசநாயகம் அனுப்பிய கசெற் கொழும்பிலிருந்து யாரோ ஒருவரின் கைப்பையில் கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டி வந்திருந்தது. தவக்காலம் தொடங்கிவிட்டதால் கொட்டிலில் பாட்டுக் கேட்பதில்லை. இராசநாயகத்தின் குரலைக் கேட்பதில் தவறில்லை என்று செபமாலை தானே ஒரு சட்டம் போட்டிருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் சுகம்," என்றான் இராசநாயகம், இரைச்சலுக்கு மேலால்.

அந்த இரைச்சல் அவனுடைய எல்லாக் கசெற்றிலும் இருக்கும். கப்பலின் அடித்தட்டில், கடல்மட்டத்துக்கும் கீழே, சலவைக்கூடத்தில் அவனுக்கு வேலை. அதற்குப் பக்கத்தில்தான் எஞ்சின். அவன் சிரித்தாலும் இருமினாலும் பேசாமல் இருந்தாலும், குரலுக்குக் கீழே அந்த 'ம்ம்' என்ற ஓசை ஒரு தரைபோலக் கிடக்கும்.

அவன் வேலை செய்த கப்பல் சாமான் ஏற்றுவதில்லை, மீன் பிடிப்பதில்லை. பன்னிரண்டு மாடி உயரம். உச்சியில் குளிப்பதற்கு ஒரு குளம். சனிக்கிழமை ஏறுகிற சனம் ஏழு நாள் கடலைச் சுற்றிவிட்டு, ஏறின அதே இடத்தில் இறங்கும். முதன்முதலாக இதைக் கேட்ட நாளில் குருநகரே சிரித்தது.

"சும்மா போய்ச் சும்மா வருகினமோ?" என்று அருமைநாயகி அன்றைக்குக் கேட்டதை இன்றைக்கும் கேட்டாள்.

"சும்மா இல்லை, அம்மா. காசு குடுத்துப் போகினம்," என்றாள் யசிந்தா.

"எங்கடை ஆக்கள் இஞ்சை கண்ணுக்கு முன்னாலை கிடக்கிற கடலிலை ஆழத்துக்குப் போகேலாமல் நிக்கினம். அங்கை அதுக்குள்ளை குளம் வெட்டிக் குளிக்கினம்."

"கதைச்சால் மிதிக்கமாட்டன்," என்றார் செபமாலை. பெண்கள் அடங்கினார்கள்.

வைகாசியிலிருந்து புரட்டாதிவரை கப்பல் வடக்கே, பனிமலைகள் கடலுக்குள் இடிந்து விழுகிற கரைகளில் ஓடும். பனி விழும்போது மேல்தட்டில் நிற்பவர்கள் கைதட்டுவார்களாம். பிறகு குளிர் வருமுன்னம் தெற்கே இறங்கி, தென்னைமரத் தீவுகளுக்குப் போய்விடும். தெற்கில் வெயில் ஏற, மறுபடி வடக்கு. நல்ல காலநிலை எங்கே இருக்கிறதோ அங்கே அது இருக்கும். அந்தக் கப்பலுக்கு மாரி என்பதே இல்லை. யசிந்தா மழை ஒழுகுகிற இரவுகளில் இதை நினைத்துக்கொள்வாள். வருசம் முழுக்க மழைக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வெள்ளை ஊர். அதன் அடியில், வெளிச்சமில்லாத ஒரு அறையில் தன் புருசன்.

"நான் கடலைக் காணுறது குறைவு," என்றான் அவன் கசெற்றில். "குளிச்சுத் துடைச்ச துவாயிலை மணல் வந்தால் தெற்கிலை நிக்கிறம். சட்டையிலை கம்பளி மயிர் ஒட்டியிருந்தால் வடக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச திசை."

செபமாலை மிதித்தபடியே சிரித்தார். குரல் ஒருகணம் ஆடியது.

முதல் பக்கம் முடிந்தது. யசிந்தா கசெற்றைத் திருப்பிப் போடக் கையை நீட்டினாள். செபமாலை இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "மற்றப் பக்கம் உன்ரை, பிள்ளை. நீயே மிதிச்சுக் கேள்," என்றார். அது அவர் எப்போதும் செய்கிற மரியாதை. பெண்கள் மனமில்லாமல் எழும்பிப் போனார்கள்.

யசிந்தா காலையிலிருந்து கரையில் நின்று மீன் விற்றவள். கால் கெஞ்சியது. ஏறி மிதித்தாள்.

"யசிந்தா, இது உமக்கு மட்டும்."

உமக்கு. அவன் அவளை 'நீர்' என்றுதான் சொல்வான். வட்டுக்கோட்டைக் கல்லூரி விடுதியின் சமையல்காரர் மகன், அமெரிக்கன் மிசன் சபைக்காரன், வயலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் வளர்ந்தவன். கல்யாணம் முடித்து அவன் குருநகருக்கு வந்த புதிதில் ஒழுங்கைப் பெண்கள் 'நீர் தண்ணி குடித்தீரோ' என்று அவளைப் பகிடி பண்ணுவார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

"சித்திரைக் கடைசியிலை என்ரை ஒப்பந்தம் முடியுது. அந்தக் கிழமைதான் கப்பலும் வடக்குக்கு வெளிக்கிடும். கையெழுத்து வைச்சால் இன்னும் ரெண்டு வருசம். வைக்காட்டில் கொழும்புக்கு ரிக்கெற் தருவினம். முந்தி ரெண்டு முறை பாதை பூட்டு எண்டு சொல்லி வைச்சனான். இந்த முறை என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. நீர் ஒருநாளும் எப்ப வருவியள் எண்டு கேட்டதில்லை."

அவள் மிதித்தாள்.

"என்னோடை ஒரு பிலிப்பைன்ஸ் பெடியன் வேலை செய்யிறான். அவன்ரை மனுசி கசெற் முழுக்க அதைத்தான் கேக்குமாம். எப்ப, எப்ப, எப்ப. அவன் சினப்பான். எனக்கு அதைக் கேக்கப் பொறாமை. நான் வெளிக்கிட்ட அண்டைக்கு ஒழுங்கை முடக்கிலை திரும்பிப் பாத்தனான். நீர் நிக்கேல்லை. கதவு சாத்திக் கிடந்தது. குறை சொல்லேல்லை, யசிந்தா. உம்மடை குரலைக் கேட்டால் நீர் சந்தோசமாத்தான் இருக்கிறீர். அந்தப் பெடியனும் சொன்னவன், உன்ரை மனுசி சந்தோசமான மனுசி எண்டு. இடையிலை நான் வந்து எதைக் குழப்பப்போறன்? நீரே கேட்டுப் பாரும்."

ஏதோ தட்டுப்பட்ட ஓசை. இரண்டு ரெக்கோடரை முகத்துக்கு முகம் வைத்திருக்கிறான் போல. பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது. குருவி மாதிரி, மூச்சு விடாமல், சிரிப்பை அடக்க முடியாதவள் மாதிரி.

"எனக்கு ஒரு குறையுமில்லை நீங்கள் யோசியாதேங்கோ அம்மா சுகம் மழை விட்டிட்டுது..."

ஆர் இது என்றுதான் முதலில் நினைத்தாள். சொற்கள் தன்னுடையவை. போன ஐப்பசியில், இதே சைக்கிளில், இதே கொட்டிலில் தனியாக இருந்து பதிந்தவை. அன்றைக்குப் பகல் முழுக்க மழைக்குள் நின்றிருந்தாள். சொல்லுக்குச் சொல் நிறுத்தி நிறுத்திச் சொன்னது நன்றாக ஞாபகம். அந்தக் குரல் எங்கே போயிற்று?

அவளுடைய கால் தானாகத் தளர்ந்தது. சில்லு மெதுவாகியது. குருவிக் குரலும் மெதுவாகி, இறங்கி இறங்கி, ஒரு இடத்தில் அவளுடைய சொந்தக் குரலாயிற்று.

"...மீன் விக்கிறன். ஒரு... குறையும்... இல்லை."

களைத்த குரல். அன்றைக்கு அழாமல் பிடித்துவைத்த அதே குரல்.

யசிந்தா மிதிப்பதை நிறுத்தினாள். கூரையில் வெயிலுக்குத் தகரம் முறிகிற ஓசை மட்டும். கொஞ்ச நேரம் போன பிறகே அவளுக்கு விளங்கியது. புருசனுக்குச் சொல்வதைப் பிறர் கேட்கக் கூடாதென்று அவள் எப்போதும் தனியாகவே மிதித்துப் பதிவாள். வேலை முடிந்து வந்த காலால் மெல்ல மெல்ல மிதிப்பாள். கசெற் மெல்ல ஓடும். கப்பலில் மின்சாரத்துக்குக் குறைவில்லை. அங்கே கசெற் தன் வேகத்தில் ஓடும். அவள் எவ்வளவுக்குக் களைத்திருந்தாளோ அவ்வளவுக்கு அங்கே துள்ளியிருக்கிறாள். இந்த வருசங்கள் எல்லாம் அவள் அழுகை ஒரு பெரிய கடலைத் தாண்டிப் போய்ச் சிரிப்பாக இறங்கியிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அருமைநாயகி முற்றத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னவாம் மருமோன்?"

"நான் ஏன் எப்ப வருவியள் எண்டு கேக்கிறேல்லையாம்."

அருமைநாயகி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். கடலுக்குப் போகிறவனிடம் எப்ப வருவாய் என்று அந்தக் கரையில் எந்தப் பெண்ணும் கேட்பதில்லை. கேட்டால் அது நாள் குறித்துக் கடலுக்குத் தவணை குடுத்த மாதிரி. கடல் தவணைக்கு அடங்காது. சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் குடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும். வாசலில் நின்று பார்ப்பதும் கேட்பதற்குச் சமன். இப்படி ஒரு முறை இருக்கிறதென்று வாயால் சொல்வதும் கூடாது. குருநகரில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையுமில்லை.

"அவருக்கு எங்கடை முறை தெரியாது, அம்மா. வட்டுக்கோட்டையிலை என்ன கடலே இருக்கு?"

"நான் உன்ரை கொப்பரை ஒருநாளும் கேட்டதில்லை. அதுதான் மனுசன் கடலிலை போகாமல் கட்டிலிலை செத்தது."

"அப்பு பின்னேரம் போய் விடியக் காலமை வாறவர். அவரை ஆர் கேக்கவேணும்?"

"வாய் காட்டாதை."

"அவர் கடலைக் காணுறதே இல்லை. தண்ணிக்குக் கீழை இருந்து சீலை தோய்க்கிறார்."

"கடல் அவனைக் காணுதெல்லோ," என்றாள் அருமைநாயகி.

 தாய் சொன்னது யசிந்தாவின் எலும்புக்குள்ளும் இருந்தது. அவன் போன அன்றைக்குக் கதவுக்குப் பின்னால், பலகையில் நெற்றி முட்டிக்கொண்டு நின்றவள் அவள்தான். சைக்கிள் மணி ஒழுங்கை முடக்கில் ஒருமுறை அடித்தது. அது தன்னைக் கூப்பிட்ட மணி என்று இப்போதுதான் தெரிகிறது.

கேட்டால் கடல் எடுத்துவிடும். கேளாவிட்டால் கப்பல் எடுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. பின்வீட்டுச் சிமியோன் ஊரைவிட்டு வெளியே போகப் பாஸ் கிடைத்துத் திங்கட்கிழமை கொழும்புக்குப் போகிறார். அவரிடம் குடுத்தால் கப்பல் கம்பனியின் விலாசத்துக்குத் தபாலில் போட்டுவிடுவார். அவரை விட்டால் சித்திரைக்குமுன் வேறு ஆள் இல்லை.

தனியாகப் பதிந்தால் எவ்வளவு பாடுபட்டுச் சொன்னாலும் குருவிதான் கத்தும். உண்மையான குரல் போகவேண்டுமென்றால் ஒரே சீராக மிதிக்க ஒரு கால் வேண்டும். அந்தக் காலுக்கு இரண்டு காதும் இருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்த செபமாலையிடம் போய், "அண்ணை, இந்த முறை நீங்கள் மிதிக்கவேணும்," என்றாள்.

செபமாலை அவளைப் பார்த்தார். "காதுக்குப் பஞ்சு வைக்கட்டோ?"

"வேண்டாம். அங்காலை பாத்துக்கொண்டு மிதிச்சால் காணும்."

"நான் சைக்கிளிலை இருந்தால் அங்காலைதான் பாப்பன். பிறகாலை பாத்து ஓடுறவன் இன்னும் பிறக்கேல்லை."

அவர் ஏறி இருந்தார். அருமைநாயகியும் செபமாலையை நம்பாதவள்போல வந்து, கொட்டில் வாசலில் செபமணிகளை உருட்டிக்கொண்டு இருந்தாள். சில்லு சுற்றத் தொடங்கியது. கோயிலடியிலிருந்து வீட்டுக்குப் போகிற சனத்தின் கதைபேச்சு தூரத்தில் கேட்டது. யசிந்தா பொத்தானை அமத்தினாள்.

 செபமாலையின் முதுகில் வேர்வை ஒரு தீவுபோலப் படர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ. இது என்ரை குரல். முந்தி வந்ததெல்லாம் நான் மெல்ல மிதிச்சுப் பதிஞ்சது. அங்கை அது ஓடியிருக்கு. நான் சிரிக்கேல்லை. ஒரு கசெற்றிலையும் சிரிக்கேல்லை."

சில்லு ஒரே சீராக இரைந்தது.

"எங்கடை ஆக்களிட்டை ஒரு முறை இருக்கு. கடலுக்குப் போறவையைக் கேக்கிறேல்லை. வாசல்லை நிக்கிறேல்லை. அதுதான் கதவு சாத்திக் கிடந்தது. நான் கதவுக்குப் பிறகாலை நிண்டனான். மணி கேட்டது."

வாசலில் தாயின் வாய் முணுமுணுப்பு நின்றுபோனது.

"எனக்குக் குறை இருக்கு. ராவிலை கூரை ஒழுகினால் கட்டிலை இழுத்துப்போட ஆளில்லை. மீன் வித்துப்போட்டு வந்தால் கால் கடுக்கும். அதை ஆரிட்டைச் சொல்லுறது? உங்கடை கப்பல் தெற்கிலை நிக்கோ வடக்கிலை நிக்கோ எண்டு மாதத்தை வைச்சுப் பாப்பன். எங்கை நிண்டாலும் அங்கை நல்ல காலநிலைதானே எண்டு எனக்குக் கோவம் வரும்."

அவள் வாசலில் இருந்த தாயை ஒருமுறை பார்த்தாள்.

"எப்ப வருவியள்?"

அவள் சொல்லி முடிக்குமுன்னமே செபமாலையின் கால் வழுக்கியது. அவரும் அந்தக் கரையில் பிறந்தவர்தான். அவருடைய தமையன் ஒருவன் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. சில்லு தள்ளாடி மெதுவாகியது. அருமைநாயகி எழும்பி வீட்டுப்பக்கம் நடந்தாள்.

அந்தக் கேள்வி மட்டும் அங்கே குருவியாகத்தான் போய் இறங்கும் என்று யசிந்தாவுக்குத் தெரிந்தது.

"மிதியுங்கோ அண்ணை."

"உதைச் சொல்லத்தான் வேணுமோ, பிள்ளை?"

"ஓம். மிதியுங்கோ."

அவர் பெருமூச்சு விட்டார். கால் மறுபடி சீரானது. யசிந்தா ரெக்கோடருக்குக் கிட்டக் குனிந்தாள்.

"எப்ப வருவியள்?"

இந்த முறை சில்லு ஆடவில்லை. ஆனாலும் பயத்தில் இன்னொருமுறையும் கேட்டுவைத்தாள்.

மறுநாள் சிமியோன் சைக்கிளில் வெளிக்கிட்டபோது கசெற் அவருடைய பையில் மடித்த சாரம் ஒன்றுக்குள் சுற்றியிருந்தது. யசிந்தா வாசலிலேயே நின்றாள். உள்ளே போகச் சொல்லித் தாய் பின்னால் செருமினாள். அவர் முடக்கில் மறைந்து, தூசியும் அடங்கும்வரை அவள் நின்றாள். 

பெரிய வியாழன், உயிர்ப்பு ஞாயிறு, எல்லாம் போயின. சித்திரை முடிந்தது. கப்பல் இப்போது வடக்கே திரும்பியிருக்கும் என்று நினைத்தாள். சட்டைகளில் கம்பளி ஒட்டியிருக்கும். அவற்றை உதறுகிற கை யாருடையது? அது தெரியவில்லை. கரையில் நிற்கும்போது வாங்க வந்தவர்கள் இரண்டுமுறை விலை கேட்க வேண்டியிருந்தது. தாயும் அவளும் ஒருவரோடொருவர் சாப்பாட்டைப் பற்றி மட்டுமே கதைத்தார்கள். காற்று சற்றுப் பலத்தால் அருமைநாயகி கடலைப் பார்ப்பாள், பிறகு மகளைப் பார்ப்பாள்.

சோளகக் காற்று புழுதி வாரி அடித்த ஒரு பின்னேரம் கசெற் ஒன்று வந்தது. கொண்டுவந்த மனிதர் வேறு எதையும் அறிந்திருக்கவில்லை. செபமாலை கடைப் பலகையைச் சாத்திவிட்டு, "இண்டைக்கு ரெண்டு பக்கமும் உன்ரை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

யசிந்தா ஏறி மிதித்தாள். கசெற் ஓடத் தொடங்கியது. சத்தம் வரவில்லை. பழுது என்று நினைத்தாள். பிறகு யாரோ மூச்சு விடுவது கேட்டது.

அந்த மூச்சுக்குக் கீழே ஒன்றும் இல்லை. எஞ்சின் இரையவில்லை.

அவள் பலமாக மிதித்தாள். எங்கோ ஒரு காகம் கரைந்தது. அதற்குப் பதிலாக இன்னொன்று. பிறகு அவனுடைய குரல், அவள் மிதித்த மிதியில் பள்ளிக்கூடப் பெடியனின் குரல்போல ஓடி வந்தது.

"யசிந்தா கொழும்பிலை நிக்கிறன் கையெழுத்து வைக்கேல்லை..."

மெல்ல மிதிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கால் கேட்கவில்லை.

"...கிளாலியாலை வாறதுக்கு ஆக்களைப் பாக்கிறன். பாதை என்னமாதிரி எண்டு தெரியேல்லை. நீர் கேட்டதைக் கேட்டனான், மூண்டு முறையும். முதலாவது குருவி மாதிரித்தான் இருந்தது. செபமாலை அண்ணையின்ரை குரலும் கேட்டது." அவன் சிரித்தான்.  "இன்னும் கடக்க வேண்டிய தண்ணி ஒண்டு இருக்கு. அதாலை எப்ப எண்டு நான் சொல்லமாட்டன். உங்கடை ஆக்களின்ரை முறை அதுதானே. மாமிக்கும் சொல்லும், நான் தவணை குடுக்கேல்லை எண்டு."

அதற்குமேல் அவன் கதைக்கவில்லை. மிச்சக் கசெற் வெறுமையாக ஓடியது. இடைக்கிடை காகம் கரைந்தது, யாரோ தூரத்தில் கதவைத் திறந்து மூடினார்கள். வேறு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் யசிந்தா இறங்கவில்லை. அந்தப் பக்கம் முடியும்வரை அவன் நிற்கிற அறையின் அமைதியை மிதித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.